வயிற்றுக் கோளாறு: கஷாயம் எதுவரை, ஆஸ்பத்திரி எப்போது?



நம் அறக்கட்டளைக்கு வரும் மருத்துவ உதவி மனுக்களை முதலில் படிப்பவன் நான். மனுவோடு ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சீட்டின் நகலையும் இணைக்கச் சொல்கிறோம். அந்தச் சீட்டில் நோயாளி என்ன தொந்தரவோடு வந்தார், அது எத்தனை நாளாக இருந்தது என்று ஒரு வரி இருக்கும். வயிற்று வலி, ஐந்து நாளாக. கறுப்பாக மலம் போவது, இரண்டு வாரமாக. மஞ்சள் காமாலை, ஒரு மாதமாக. அறுவை சிகிச்சைக்கு எவ்வளவு செலவானது என்பதைவிட அந்த நாள் கணக்குதான் எனக்கு உறுத்துகிறது. அந்த ஐந்து நாளும் இரண்டு வாரமும் எங்கே போயின என்று வீட்டாரைக் கேட்டால் ஒரே மாதிரிப் பதில்தான் வரும். சோடா குடித்தோம், ஓமத் தண்ணீர் கொடுத்தோம், கடையில் ஒரு செட் மாத்திரை வாங்கினோம், குமுளிக்குப் போய் வைத்தியரிடம் அரிஷ்டம் வாங்கி வந்தோம், ஓதிப் பார்த்தோம்.

இவற்றில் எதையும் நான் கேலி செய்யப் போவதில்லை. என் வீட்டு அலமாரியிலும் சீரகம், ஓமம், சுக்கு, கருஞ்சீரகம், ஒரு டப்பா அஷ்ட சூரணம் எல்லாம் இருக்கின்றன. நான் டாக்டரும் அல்ல, வைத்தியரும் அல்ல. ஆனால் ஒரு இரவு தெரியாமல் வைத்தியம் பார்த்தவன். அதைச் சொல்லிவிட்டே பாடத்துக்குப் போகிறேன்.

என் தாயாரின் தம்பி, எங்கள் மாமா, மலைமேல் ஏலத்தோட்டத்தில் கங்காணி வேலை பார்த்தவர். ஒரு தை மாதம் ஊருக்கு வந்திருந்தார். இஷாவுக்குப் பிறகு புரோட்டாவும் சால்னாவும் சாப்பிட்டார். படுக்கப் போகும்போது, "மாப்ள, நெஞ்சுக்குழியில எரியுது, வாயு அடைச்சுக்கிட்டு நிக்குது" என்றார். நான் ஓமமும் சுக்கும் தட்டிப் போட்டுக் கொதிக்க வைத்தேன். அஷ்ட சூரணத்தை வெந்நீரில் கலந்து கொடுத்தேன். இரண்டு ஏப்பம் விட்டார். "இப்ப தேவலை" என்றார். எனக்கும் பெருமையாக இருந்தது. சற்று நேரத்தில் அவருடைய பனியன் முழுக்க வேர்வையில் நனைந்துவிட்டது. மலையடிவாரத்துத் தை மாதக் குளிரில் போர்வை இல்லாமல் யாரும் படுக்க மாட்டார்கள். ஆனால் அந்த வேர்வையைப் பார்த்து சுக்குக் காரம் வேலை செய்கிறது என்று நான் நினைத்தேன். விடிய விடிய முதுகைத் தடவிவிட்டேன். சுப்ஹு பாங்குக்கு முன்னால் மூச்சு வாங்க ஆரம்பித்தபோதுதான் வண்டிக்கு ஓடினோம். உத்தமபாளையம் போய்ச் சேருவதற்குள் வஃபாத்தாகிவிட்டார். அது மாரடைப்பு. அத்தை இன்றுவரை என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை.

நாம் 'வாயு' என்று சொல்லும் இடமும் இதயம் நோகும் இடமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. இதயத்தின் கீழ்ப்பாகத்துக்குப் போகும் ரத்தம் அடைபட்டால் பலருக்கு நெஞ்சு வலி தெரியாது. மேல்வயிறு கனப்பதும், எரிவதும், குமட்டுவதும்தான் தெரியும். சர்க்கரை நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் வயதானவர்களுக்கும் வலியே இல்லாமல் அசதியும் வேர்வையும் மட்டும் வருவதுண்டு. ஏப்பம் வந்தால் சற்று லேசாகத் தோன்றும். அதை வைத்து அது வாயுதான் என்று முடிவு கட்டக் கூடாது. எரிச்சலோ இறுக்கமோ கால் மணி நேரத்துக்கு மேல் நின்றாலும், கூடவே குளிர்ந்த வேர்வை, மூச்சு வாங்கல், தாடைக்கோ இடது கைக்கோ முதுகுக்கோ பரவும் வலி என்று ஏதாவது இருந்தாலும், அடுப்பு மூட்ட வேண்டாம், வண்டியைக் கூப்பிடுங்கள். ஈசிஜி எடுக்க ஐந்து நிமிடம்தான் ஆகும். முதல் ஈசிஜி சரியாக இருந்தும் தொந்தரவு நிற்காவிட்டால் திரும்ப எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியும், அடைப்பை நீக்கும் சிகிச்சையும் முதல் சில மணி நேரத்துக்குள்தான் முழுப் பலன் தரும். 2023 ஜூனில் தமிழக அரசு 'இதயம் காப்போம்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. அதன்படி ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அடோர்வாஸ்டாட்டின் ஆகிய மூன்று மருந்துகளின் முதல் தவணையைக் கொடுத்துவிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். ஆனால் இவற்றை வீட்டில் வாங்கி வைத்துத் தாமே விழுங்குவது கூடாது. வயிற்றில் புண் இருந்து ரத்தம் கசிகிற ஒருவருக்கு அதே மாத்திரை ஆபத்தாகிவிடும்.

மதரஸாவில் ஓதிய காலத்தில் அபூதாவூதின் மருத்துவப் பாடத்தில் படித்த ஒரு செய்தி மாமாவின் மையித்து வீட்டில் இருந்தபோது நினைவுக்கு வந்தது. ஸஅத் பின் அபீவக்காஸ் (ரலி) நோயுற்றிருந்தபோது நபி (ஸல்) அவர்கள் நலம் விசாரிக்கச் சென்று, அவர் நெஞ்சில் கை வைத்துப் பார்த்து, இது இதயத்து நோய் என்று அறிந்து, தகீஃப் குலத்து ஹாரிஸ் பின் கலதாவிடம் போகும்படி அனுப்பினார்கள். அவர் வைத்தியம் அறிந்தவர் என்பதையும் சொன்னார்கள். அதே செய்தியில் மதீனத்து அஜ்வா பேரீச்சம்பழம் ஏழை இடித்துக் கொடுப்பதும் வருகிறது. நம்மில் பலருக்கு அஜ்வா மட்டும் நினைவில் இருக்கிறது, வைத்தியரிடம் அனுப்பியது மறந்துவிட்டது. அந்த ஹாரிஸ் இஸ்லாத்தை ஏற்றார் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை என்றும் அறிஞர்கள் எழுதியிருக்கிறார்கள். பார்க்கப்பட்டது அவருடைய வைத்திய அறிவுதான். யாரிடம் வைத்தியத்துக்குப் போவது என்று தயங்குகிறவர்கள் இதையும் கவனிக்க வேண்டும்.

ஆயுர்வேதமும் இதைத்தான் சொல்கிறது என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. சரகருடைய நூல் முழுக்க முழுக்க மருந்தும் பத்தியமும் பேசும் நூல். ஆனால் வயிற்றுக் கட்டி பழுத்துச் சீழ் வைத்துவிட்டால், அதற்கு மேல் அது தன்வந்திரி வழியில் வந்தவர்களின், அதாவது சத்திர வைத்தியர்களின் பொறுப்பு என்று அதே நூல் ஒதுங்கி நிற்கிறது. குடல் அடைத்துக்கொண்ட வயிறு, குடல் ஓட்டையான வயிறு என்று இரண்டு நிலைகளைச் சுஸ்ருதர் தனியாகப் பிரிக்கிறார். வயிற்றைக் கீறிக் குடலை வெளியே எடுத்து, ஓட்டையின் இரு விளிம்பையும் சேர்த்துக் கட்டெறும்பைக் கடிக்க விட்டு, அதன் உடலைக் கிள்ளிவிட்டுத் தலையையே தையலாக விட்டுவிடும் முறையை விவரிக்கிறார். அந்தக் காலத்திலேயே குடல் அடைப்புக்குக் கஷாயம் போதாது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நாம்தான் ஆயுர்வேதத்தின் பெயரைச் சொல்லி, ஆயுர்வேதமே கைவிடச் சொன்ன இடத்தில் கஷாயம் காய்ச்சிக்கொண்டிருக்கிறோம்.

அப்படிச் சத்திர சிகிச்சைக்கு உரிய வயிற்றை வீட்டில் எப்படி அறிவது? வலி விட்டு விட்டு முறுக்கி வருகிறது, வயிறு உப்பிக்கொண்டே போகிறது, மலமும் போகவில்லை, காற்றும் பிரியவில்லை, பச்சையாக வாந்தி வருகிறது என்றால் குடல் அடைப்பாக இருக்கலாம். வயிறு பலகை மாதிரி இறுகி, தொட்டாலே துடித்து, நோயாளி அசையாமல் படுத்துக் கிடந்தால் குடலில் ஓட்டை விழுந்திருக்கலாம். தொப்புளைச் சுற்றித் தொடங்கிய வலி சில மணி நேரத்தில் வலது அடிவயிற்றுக்கு இறங்கி, காய்ச்சலும் குமட்டலும் சேர்ந்தால் குடல்வாலை நினைக்க வேண்டும். இந்த மூன்று நிலையிலும் பேதி மருந்தும் விளக்கெண்ணெயும் எனிமாவும் கூடாது, வயிற்றைப் பிடித்துத் தேய்த்துவிடுவதும் கூடாது. வீங்கியிருக்கும் குடல்வால் உடைந்துவிட்டால் சீழ் வயிறு முழுக்கப் பரவும். ஆஸ்பத்திரிக்குப் போகும்வரை சாப்பாடும் தண்ணீரும் கொடுக்காமல் இருப்பதும் நல்லது. தோட்டத்தில் மூட்டை தூக்குகிற ஆண்களில் பலர் குடலிறக்கத்தை வெட்கப்பட்டு மறைத்துக் கட்டிக்கொண்டே வேலை செய்கிறார்கள். படுத்தால் உள்ளே போய்க்கொண்டிருந்த வீக்கம் ஒருநாள் போகாமல் நின்று, கல்லாகி வலித்தால் அன்று இரவே அறுவை சிகிச்சை தேவைப்படலாம். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்றால் அடைபட்ட குடல் அழுகிவிடும்.

கைக்குழந்தையிடம் இதே அடைப்பு வேறு மாதிரி தெரியும். சில நிமிடம் காலை மடக்கி வீறிட்டு அழும், பிறகு துவண்டு கிடக்கும், மறுபடி அழும், மலத்தில் சளியோடு ரத்தம் வரும். குடலின் ஒரு பகுதி இன்னொரு பகுதிக்குள் செருகிக்கொள்வதால் இது உண்டாகிறது. இந்தக் குழந்தைகளைத்தான் நம் பகுதியில் உரம் விழுந்திருக்கிறது என்று சேலையில் போட்டு உருட்டுகிறார்கள், தொக்கம் எடுக்கக் கூட்டிப் போகிறார்கள். தொக்கம் எடுப்பவர் வாயிலிருந்து எடுத்துக் காட்டும் சோற்றுப் பருக்கை குழந்தையின் குடலிலிருந்து வந்ததல்ல என்று நான் சொன்னால் சில பாட்டிமார்கள் என்மேல் கோபப்படுவார்கள். பட்டாலும் பரவாயில்லை.

கறுப்பு மலத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம் மனுக்களில் அதிகம் தவறவிடப்பட்ட அறிகுறி இதுதான். இரைப்பையிலோ முன்குடலிலோ ரத்தம் கசிந்தால் அது செரிமானமாகி, தார் மாதிரி கறுத்து, பிசுபிசுப்பாக, தனி நாற்றத்தோடு வெளியேறும். வாந்தியில் வந்தால் காப்பித்தூள் போட்ட மாதிரி இருக்கும். சிவப்பாக இல்லாததால் அதை யாரும் ரத்தம் என்று நினைப்பதில்லை. உடம்புச் சூடு என்று சொல்லி இளநீரும் மோரும் குடிக்கிறார்கள். இரும்புச் சத்து மாத்திரை சாப்பிடும் கர்ப்பிணிகளுக்கும் மலம் கறுக்கும், ஆனால் அதில் அந்தப் பிசுபிசுப்பும் நாற்றமும் இருக்காது. கறுப்பு மலத்தோடு எழுந்து நின்றால் தலை சுற்றுவதும், படபடப்பும், முகம் வெளுப்பதும் இருந்தால் ரத்தம் நிறையப் போய்விட்டது என்று பொருள்.

இந்தப் புண்ணுக்கு நம் பள்ளத்தாக்கில் ஒரு பெரிய காரணம் வலி மாத்திரை. மழையில் நனைந்து ஏலக்காய் பறிக்கிற பெண்கள் முழங்கால் வலிக்கும் இடுப்பு வலிக்கும் கடையில் 'ஒரு செட்' வாங்கி, காலையில் ஜீப் ஏறுமுன் வெறும் வயிற்றில் கட்டங்காப்பியோடு விழுங்குகிறார்கள். டைக்ளோபினாக் போன்ற மாத்திரைகள் இரைப்பையின் உட்தோலைக் காக்கும் பூச்சையே குறைத்துவிடுகின்றன. புண் வலிக்கவும் செய்யாது, அதே மாத்திரை அந்த வலியையும் அமுக்கிவிடும். மூலிகை என்று பெயர் போட்டு விற்கும் மூட்டுவலிப் பொடிகள் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருந்தது பரிசோதனைகளில் பிடிபட்டிருக்கிறது. உரிமம் எண்ணும் தயாரிப்பாளர் முகவரியும் இல்லாத பொட்டலத்தைத் தொடாதீர்கள்.

அதேபோல, திராட்சைத் தோட்டத்திலோ காய்கறிக் காட்டிலோ மருந்து அடித்துவிட்டு வந்தவருக்கு வாந்தியும் பேதியும் வந்தால் அதை அஜீரணம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. வாயில் எச்சில் வடிகிறதா, வேர்க்கிறதா, கண்மணி குண்டூசித் தலை அளவுக்குச் சுருங்கியிருக்கிறதா, தசை துடிக்கிறதா என்று பாருங்கள். உடுப்பைக் கழற்றி, சோப்புப் போட்டுக் குளிப்பாட்டி, பூச்சிமருந்து டப்பாவையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே கிளம்புங்கள். டப்பாவைப் பார்த்தால்தான் டாக்டருக்கு எந்த முறிவு மருந்து என்று தெரியும். வாந்தி எடுக்க வைக்க முயல வேண்டாம்.

இனி காமாலை. கீழாநெல்லி இல்லாமல் நம் ஊரில் காமாலை குணமானதாக யாரும் ஒப்புக்கொள்வதில்லை. அந்தச் செடிக்கு ஒரு நல்ல சரித்திரமும் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர், ஹெபடைடிஸ் பி கிருமியைக் கண்டறிந்து 1976இல் நோபல் பரிசு பெற்ற பாரூக் பிளம்பெர்க்குடன் சேர்ந்து, 1988இல் 'லான்செட்' மருத்துவ இதழில் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். கீழாநெல்லிப் பொடியை முப்பது நாள் சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் அந்தக் கிருமியின் அடையாளம் மறைந்தது. வெற்று மாத்திரை சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் செய்து பார்த்தார்கள், அந்த அளவு பலன் கிடைக்கவில்லை. விஷயம் இன்னும் தீரவில்லை.

இதில் நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. அந்த ஆய்வு ஹெபடைடிஸ் பி கிருமியைச் சுமப்பவர்களைப் பற்றியது. காமாலை என்பது நோயின் பெயர் அல்ல, பல நோய்களின் நிறம். கெட்ட தண்ணீரால் வரும் ஹெபடைடிஸ் ஏ பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானாகவே சரியாகிவிடும். அந்தச் சமயத்தில் எந்த இலையைக் கொடுத்திருந்தாலும் அந்த இலைக்குப் பெயர் கிடைக்கும். அப்படிப் பெயர் வாங்கிய அதே இலையைப் பித்தக்குழாயில் கல் அடைத்தவருக்கும், கணையத்தில் கட்டி வந்தவருக்கும், குடியால் ஈரல் சுருங்கியவருக்கும் கொடுத்தால் என்ன ஆகும்? மலம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்து, உடம்பெல்லாம் அரித்தால் அது அடைப்புக் காமாலையாக இருக்கலாம், ஸ்கேன் எடுக்காமல் பத்தியம் இருப்பதில் பயனில்லை. காமாலை கண்டவர் பகலெல்லாம் தூங்கினாலும், பேச்சுத் தடுமாறினாலும், ஆளை மாற்றிச் சொன்னாலும் ஈரல் தோற்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். கர்ப்பிணிக்குக் காமாலை என்றால் ஒரு நாள்கூட வீட்டில் வைக்கக் கூடாது. ஹெபடைடிஸ் ஈ என்ற வகை கடைசி மூன்று மாதத்தில் இருக்கும் தாய்மார்களில் ஐந்தில் ஒருவர் வரை கொண்டுபோய்விடக் கூடியது. ரத்தப் பரிசோதனை செய்து, இது தானாக ஆறும் வகைதான் என்று டாக்டர் சொன்ன பிறகு, அவருக்குத் தெரிவித்துவிட்டுக் கீழாநெல்லி சாப்பிடுவதில் எனக்கு மறுப்பில்லை.

பேதிக்கு வருவோம். 1971இல் வங்கதேசப் போரின்போது பன்கான் எல்லை முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துகொண்டிருந்தது. டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பும் குளுக்கோசும் சோடா உப்பும் கலந்து பொட்டலம் கட்டி, நோயாளிகளின் உறவினர் கையிலேயே கொடுத்துத் தண்ணீரில் கரைத்துப் புகட்டச் சொன்னார். நூற்றுக்கு முப்பது என்றிருந்த சாவு நான்குக்கும் கீழே வந்தது. அதுதான் இன்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஓஆர்எஸ். ஒரு பெரிய பொட்டலத்தை ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் முழுவதும் கரைக்க வேண்டும். அரைப் பொட்டலம், அரைத் தம்ளர் என்று கண்ணளவில் கலக்கக் கூடாது. கிடைக்காத நேரத்தில் ஒரு லிட்டருக்கு ஆறு தட்டையான தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. இரண்டு வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைக்கு ஒவ்வொரு முறை பேதியான பிறகும் அரைத் தம்ளர் வரை கரண்டி கரண்டியாகக் கொடுக்கலாம். பேதி நின்றாலும் துத்தநாக மாத்திரையைப் பதினான்கு நாள் முடிக்க வேண்டும். கண் குழிந்து, அழுதால் கண்ணீர் வராமல், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாமல், தாய்ப்பால் குடிக்கச் சக்தி இல்லாமல் இருந்தாலும், மலத்தில் ரத்தம் வந்தாலும் ஆஸ்பத்திரிதான்.

இந்த இடத்தில் ஆயுர்வேதத்தின் பழக்கம் மிகவும் பொருந்துகிறது. பேதி தொடங்கியவுடன் கட்டு மருந்து கொடுக்காதே, உள்ளே உள்ளது வெளியேறட்டும் என்பது அதன் விதி. பிள்ளைகளுக்குப் பேதியை நிறுத்தும் மாத்திரை கொடுக்காதீர்கள் என்று இன்றைய டாக்டரும் சொல்கிறார். பிறகு நெற்பொரிக் கஞ்சி, நீர்த்த அரிசிக் கஞ்சி, கெட்டிக் கஞ்சி, குழைந்த சோறு, பாசிப்பருப்புச் சாறு என்று படிப்படியாக ஏற வேண்டும். உப்புப் போட்ட அரிசிக் கஞ்சியும் ஓஆர்எஸ் போலவே உடம்புக்கு நீரை உறிஞ்ச உதவுகிறது. நம் நோன்புக் கஞ்சி இதில் சேராது, அதில் கறியும் எண்ணெயும் இருக்கின்றன. ஆபத்து அறிகுறி எதுவும் இல்லாத சாதாரண அஜீரணத்துக்குச் சீரகத் தண்ணீர், பெருங்காயம் போட்ட மோர், அஷ்ட சூரணம் ஆகியவை போதும், இரண்டு மூன்று நாள் பார்க்கலாம். அதிமதுரம் ரத்த அழுத்தத்தை ஏற்றும், பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர்கள் தவிர்க்க வேண்டும். அரிஷ்டங்களில் புளிக்கும்போது தானாக உண்டாகும் ஆல்கஹால் இருக்கிறது. மார்க்க ரீதியாகத் தயக்கம் உள்ளவர்கள் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள், வைத்தியரிடம் சொன்னால் அதற்குப் பதில் குளிகையோ சூரணமோ தருவார். உலோகம் சேர்ந்த பஸ்பம், செந்தூரங்களைப் பட்டம் பெற்ற வைத்தியர் எழுதிக் கொடுக்காமல் சாப்பிட வேண்டாம். சரியாகச் சுத்தி செய்யாத மருந்தில் ஈயம் இருந்தால் அந்த ஈயமே வயிற்றை முறுக்கி வலியெடுக்க வைக்கும், மலத்தைக் கட்டும்.

தேனைப் பற்றி ஒருவர் கேட்டார். சகோதரனுக்கு வயிறு சரியில்லை என்று வந்தவரிடம் நபி (ஸல்) அவர்கள் தேன் கொடுக்கச் சொன்ன ஹதீஸ் புகாரியில் இருக்கிறதே என்று. இருக்கிறது. அந்த மனிதர் ஒவ்வொரு முறையும் திரும்பி வந்து நிலைமையைச் சொல்லியிருக்கிறார் என்பதையும் அதில் பாருங்கள். தேனைக் கொடுத்துவிட்டு நோயாளியை மறந்துவிடவில்லை. கருஞ்சீரகம் பற்றிய ஹதீஸிலும், பொதுவாகச் சொல்லப்பட்டாலும் குறிப்பிட்ட சில நோய்களையே அது குறிக்கும் என்று இமாம் கத்தாபி போன்றவர்கள் விளக்கியிருக்கிறார்கள். இன்னொன்று, ஒரு வயது நிறையாத பிள்ளைக்குத் தேன் ஒரு சொட்டும் வேண்டாம். அதில் இருக்கக்கூடிய ஒரு வகைக் கிருமி வித்து பச்சிளம் குடலில் முளைத்து நரம்பைத் தளரச் செய்யும். தஹ்னீக் செய்ய பேரீச்சம்பழம்தானே சுன்னத்து.

சில அபாயங்கள் சத்தமில்லாமல் மெதுவாக வரும். ஐம்பதைத் தாண்டியவருக்குப் புதிதாக மலச்சிக்கலோ பேதியோ மாறி மாறி வருவது, காரணமில்லாமல் எடை குறைவது, சோறு நெஞ்சில் நிற்பது, இரண்டு கவளத்தில் வயிறு நிறைவது, ரத்தசோகை. மலத்தில் ரத்தம் என்றால் உடனே மூலம் என்று முடிவு செய்து ஒரு வருடம் லேகியம் சாப்பிட்டவரின் சீட்டில் மலக்குடல் புற்றுநோய் என்று எழுதியிருந்ததை நான் படித்திருக்கிறேன். மூலமாகவே இருக்கலாம், டாக்டர் விரலால் ஒருமுறை பரிசோதித்துவிட்டுச் சொல்லட்டும். பெண்கள் இதற்குக் கூச்சப்படுகிறார்கள். பெண் டாக்டர் இருக்கும் நாளை விசாரித்துச் சொல்ல அறக்கட்டளை உதவும்.

ரமளானில் ஒரு சிக்கல். வயிற்றுப்புண் உள்ளவர்களும், பேதியில் வறண்டவர்களும் நோன்பை விட மறுக்கிறார்கள். வீட்டில் பெரியவர்களும், கொஞ்சம் பொறுத்துக்கொள் என்கிறார்கள். நோயாளி வேறு நாட்களில் நோற்றுக்கொள்ளலாம் என்ற சலுகை அல்பகரா அத்தியாயத்தின் 184, 185ஆம் வசனங்களில் தெளிவாக இருக்கிறது. பயணத்தில் தலையில் காயம்பட்ட ஒருவருக்குக் குளிப்பு கடமையானபோது, தயம்முமுக்கு இடமில்லை என்று உடன் வந்தவர்கள் சொல்லிவிட்டார்கள். அவர் குளித்தார், இறந்துபோனார். அதைக் கேட்ட நபி (ஸல்) அவர்கள் அவரைக் கொன்றதே அந்தத் தோழர்கள்தான் என்று கோபப்பட்டார்கள், தெரியாவிட்டால் கேட்டிருக்க வேண்டாமா என்று கடிந்தார்கள். அந்தத் தோழர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நானும் மாமாவுக்குக் கெட்ட எண்ணத்தில் கஷாயம் வைக்கவில்லை.

நடைமுறைக்குச் சில. இரவு நேரத்தில் ஆட்டோ தேடி அலையாமல் 108ஐ முதலில் அழையுங்கள். சந்தேகம் மட்டும் கேட்க 104. உத்தமபாளையத்திலும் கம்பத்திலும் போடியிலும் அரசு மருத்துவமனை இருக்கிறது. அங்கிருந்து க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பினால், வீட்டுக்குப் போய் யோசித்துவிட்டு வருகிறோம் என்று திரும்பாதீர்கள். சாப்பிட்டுக்கொண்டிருக்கும் எல்லா மாத்திரையும், சூரண டப்பாவும், அரிஷ்ட பாட்டிலும் ஒரு பையில் போகட்டும். திட்டுவார்களோ என்று நாட்டு மருந்தை மறைப்பதால்தான் சிகிச்சை தவறுகிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டில் ஆண்டுக்கு 5 லட்சம் வரை சிகிச்சை உண்டு. நோய் வந்த பிறகு அட்டைக்கு ஓடுவதைவிட இப்போதே எடுத்துவிடலாம். வருமானச் சான்றுக்கும் படிவத்துக்கும் ஆள் வேண்டுமென்றால் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் அஸர் வரை நான் அலுவலகத்தில்தான் இருப்பேன். ரேஷன் கார்டையும் ஆதாரையும் எடுத்து வாருங்கள். ஓஆர்எஸ் பொட்டலங்களும் அங்கேயே மேசைமேல் வைத்திருக்கிறோம், கேட்காமலே எடுத்துக்கொள்ளலாம்.